ஜெயிப்பார் என்ற பேச்சும் ஓர் ஓட்டுதான்

2020 பிப்ரவரி 11. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு இன்னும் முடியவில்லை; அதற்குள் ஜோ பைடன் விமானம் ஏறித் தென் கரோலினாவுக்குப் போய்விட்டார். முடிவு எப்படி வரும் என்று அவருடைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. இரவுக்குள் ஊருக்கும் தெரிந்தது: 8.4 சதவீதம், ஐந்தாவது இடம். அதற்கு எட்டு நாள் முன்பு அயோவாவில் நான்காவது இடம். எட்டு ஆண்டுகள் துணை அதிபராக இருந்தவர், கையில் பிரசாரத்துக்குப் பணமும் வற்றிப்போன நிலையில், 38 வயது முன்னாள் மேயர் ஒருவருக்குப் பின்னால் நின்றார். பைடனின் கதை முடிந்தது என்று அன்றிரவு பேசாத தொலைக்காட்சி இல்லை. நானும் நண்பர்களிடம் அதையே சொல்லிப் பந்தயம் கட்டினேன். ஒரு வேளைச் சாப்பாடு போயிற்று.

மூன்று வாரம் கழித்து மார்ச் 3, சூப்பர் செவ்வாய். 14 மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்தன. பத்தில் பைடன் வென்றார். அவற்றுள் மினசோட்டா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களுக்கு அவர் சரியாகப் பிரசாரத்துக்குக்கூடப் போகவில்லை. இந்த மூன்று வாரத்தில் பைடன் புதிய மனிதராகிவிடவில்லை. அவருடைய கொள்கையும் மாறவில்லை, பேச்சின் தடுமாற்றமும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: மற்றவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதைப் பற்றி ஒவ்வொரு வாக்காளரும் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு.

பொதுத்தேர்தலில் ‘யார் வெல்வார்?’ என்பது திண்ணைப் பேச்சு. குடியரசுக் கட்சிக்காரர் தோற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதால் அக்கட்சியின் வாக்காளர் மறு கட்சிக்குப் போய்விடுவதில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் கதை வேறு. அங்கே போட்டியிடுபவர்கள் அனைவரும் ஒரே கட்சிக்காரர்கள்; கொள்கை வேறுபாடு நூலிழை அளவுதான். அதனால் வாக்காளர் எளிதில் இடம் மாறுவார். எதை வைத்து மாறுவார் என்றால், பெரும்பாலும், ஜெயிக்கக்கூடியவர் யார் என்று ஊர் பேசுவதை வைத்து. ஆகவே பிரைமரியில் வெற்றி வாய்ப்பைப் பற்றிய பேச்சு ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் வர்ணனையன்று. ஆட்டத்தின் காய்களில் அதுவும் ஒன்று.

இந்த ஏற்பாடு அமெரிக்க அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. கட்சி என்ற சொல்லே அதில் கிடையாது. 1968 வரை பிரைமரிகள் பெரும்பாலும் பலப்பரீட்சைதான். வேட்பாளர் யார் என்பதை மாநிலக் கட்சித் தலைவர்களும் நகர மேயர்களும் மாநாட்டு அரங்கின் பின்னறைகளில் முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் லிண்டன் ஜான்சனை அவருடைய கட்சிக்காரரே எதிர்த்தார். வியட்நாம் போரை எதிர்த்துக் களமிறங்கிய செனட்டர் யூஜின் மெக்கார்த்தி வாங்கியது 42 சதவீதம். ஜான்சன் வாங்கியது 49. கணக்குப்படி ஜான்சன்தான் வென்றார். ஆனால் பதவியிலிருக்கும் அதிபருக்கு எதிராக முகம் தெரியாத ஒருவர் 42 சதவீதம் வாங்குவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வென்றவர் தோற்றவராகப் பேசப்பட்டார். மாதம் முடிவதற்குள், மார்ச் 31 இரவு, தான் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்.

பிறகு நடந்தது ஜனநாயகக் கட்சியைக் கிழித்துப் போட்டது. ராபர்ட் கென்னடி கலிபோர்னியாவில் வென்ற இரவிலேயே சுடப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ தெருக்களில் போலீஸ் தடியடி நடத்திக்கொண்டிருக்க, மாநாட்டு மண்டபத்துக்குள் ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளராக்கப்பட்டார். நவம்பரில் அவர் நிக்சனிடம் தோற்றதும், இனி இப்படி நடக்கக் கூடாது என்று விதிகளைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு முதலில் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் மெக்கவர்ன். புது விதிகளின்படி நடந்த முதல் தேர்தலில், 1972இல், வேட்பாளரானவரும் அதே மெக்கவர்ன்தான்! விதியை எழுதியவருக்கு விதியின் சந்துபொந்துகள் தெரியும் அல்லவா. நவம்பரில் 49 மாநிலங்களில் தோற்றார் என்பது அடுத்த கதை.

அன்றிலிருந்து மாநிலம் மாநிலமாக, ஜனவரி அல்லது பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை, கட்சி வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு மாநாட்டுக்கான பிரதிநிதிகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் யார் சேர்க்கிறாரோ அவர் வேட்பாளர். 2016இல் குடியரசுக் கட்சியில் அந்த மந்திர எண் 1,237. இதைத் தேசிய அளவிலான ஒரு தேர்தலாக நினைப்பதுதான் வெளியிலிருந்து பார்க்கும் நாம் செய்யும் முதல் பிழை. இது ஐம்பதுக்கு மேற்பட்ட தேர்தல்களின் வரிசை. ஒவ்வொன்றின் முடிவும் அடுத்ததில் வாக்களிப்பவரின் மனதைக் கலைத்துப்போடும். அதனால் யார் முதலில் வாக்களிக்கிறார்கள் என்பது யார் போட்டியிடுகிறார்கள் என்பதற்குச் சற்றும் குறைந்த விஷயமில்லை.

வரிசையில் முதலிடம் வெகுகாலம் அயோவாவுக்கு இருந்தது. சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த, சுமார் 32 லட்சம் பேர் வாழும், பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட மாநிலம். அங்கே நடப்பது பிரைமரி அன்று, காக்கஸ் எனப்படும் கூட்டம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 2020 வரை அதை நடத்திய விதத்தைப் பார்த்தால்தான் இந்த முழு விவகாரமும் விளங்கும்.

குளிர்கால இரவு ஏழு மணி. பள்ளி உடற்பயிற்சிக் கூடம், தேவாலயத்தின் அடித்தளம், தீயணைப்பு நிலையம் என்று கிடைத்த இடத்தில் அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். ரகசிய வாக்கு கிடையாது. வாரன் ஆட்கள் இந்த மூலைக்கு, சாண்டர்ஸ் ஆட்கள் அந்த மூலைக்கு என்று பிரிந்து நிற்பார்கள், தலையை எண்ணுவார்கள். கூடத்தில் இருப்பவர்களில் 15 சதவீதம் சேராத அணி, பெரும்பாலான இடங்களில், கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம், அல்லது வேறு மூலைக்குப் போகலாம். அடுத்த கால் மணி நேரம்தான் வேடிக்கை. எதிர்வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து இழுப்பார். பிள்ளையின் பழைய ஆசிரியை, ‘உங்கள் ஆள் எப்படியும் வரப்போவதில்லை, எங்கள் பக்கம் வாருங்கள்’ என்பார். பிடித்தவர், ஜெயிக்கக்கூடியவர் என்ற இரண்டுக்கும் நடுவே ஒவ்வொருவர் மனதிலும் ஓடும் விவாதம் அங்கே நான்கு சுவருக்குள் கண்ணெதிரே நடக்கும். 2020இல் மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது, முதல் எண்ணிக்கையில் ஏறத்தாழ 15 சதவீதம் வைத்திருந்த பைடன், கலைந்து சேர்ந்த பிறகு 13.7க்கு இறங்கினார். இரண்டாம் விருப்பமாகக்கூட அவரைத் தேடிப் போவார் குறைவு. அந்த நேரத்தில் அவர் நிலை அது.

அந்த இரவின் முடிவை அனுப்புவதற்கென்று கட்சி செய்துவைத்த செயலி படுத்துக்கொண்டதும், முடிவு வர நாள்கணக்கில் ஆனதும், முதலில் சொன்ன அந்த முன்னாள் மேயர் பூட்டிஜெஜும் சாண்டர்ஸும் ஆளுக்கொரு கணக்கில் தாமே வென்றதாகச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். அயோவாவுக்கு இது புதிதன்று. 2012இல் குடியரசுக் கட்சிக் காக்கஸில் மிட் ராம்னி 8 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்து, இல்லை, ரிக் சாண்டோரம்தான் 34 ஓட்டு அதிகம் என்றார்கள். அதற்குள் ராம்னி நியூ ஹாம்ப்ஷயரையும் வென்று, தொடர் வெற்றிக்காரர் என்ற பெயரோடு வலம் வந்துவிட்டார். சாண்டோரமுக்குத் தாமதமாக வந்த வெற்றி, முகூர்த்தம் முடிந்து வந்த மாலை.

அயோவா தரும் பிரதிநிதிகள் மொத்தத்தில் ஒரு சதவீத அளவுதான். அது தருவது பெயரை. 1976இல் அங்கே 37 சதவீதத்தோடு முதலில் வந்தது ‘யாரையும் ஆதரிக்கவில்லை’ என்ற பிரிவு; ஜிம்மி கார்ட்டர் 28ஐத் தொட்டு இரண்டாவது. ஆனால் மனிதர்களில் முதலாவது கார்ட்டர்தானே! ஜார்ஜியாவின் நிலக்கடலை விவசாயி மறுநாள் நாடறிந்தவரானார், அடுத்த ஜனவரியில் அதிபரானார். 1972இல் எட்மண்ட் மஸ்கி நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றும் தோற்றார்: பக்கத்து மாநிலமான மெய்னிலிருந்து வந்தவர் இன்னும் அதிகம் வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். 1992இல் பில் கிளின்டன் அங்கே இரண்டாவதாக வந்தார். ஆனால் அவதூறுகளில் சிக்கி மூழ்கியிருக்க வேண்டியவர் மீண்டு வந்துவிட்டார் என்று அவரே மேடையேறிச் சொல்ல, அதுவே தலைப்புச் செய்தியானது. வென்றவர் பெயரைத் தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் சாங்கஸ்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 2008. அதற்கு முந்தைய ஆண்டில் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களிடையே ஒபாமாவுக்கு முழு ஆதரவு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை. கிளின்டன் குடும்பத்தின்மீது அவர்களுக்குப் பழைய பாசம் இருந்தது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது: வெள்ளையர்கள் இவருக்கு ஓட்டுப் போடுவார்களா? நாம் போட்டு வீணாக வேண்டுமா? ஜனவரி 3ஆம் தேதி வெள்ளையர் மாநிலமான அயோவா ஒபாமாவுக்கு 37.6 சதவீதம் கொடுத்தது. ஹிலாரி கிளின்டன் மூன்றாவது. தயக்கத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜனவரி 26இல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஒபாமா பக்கம். ஒரு மாநிலத்தின் வெள்ளை விவசாயிகள் இன்னொரு மாநிலத்தின் கறுப்பினத் தாய்மார்களுக்குச் சொன்ன செய்தி அது: இவர் ஜெயிப்பார்.

ஒபாமா அந்த ஆண்டு வென்றதற்கு மற்றொரு காரணம், அவருடைய ஆட்கள் விதிப் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகளை விகிதாசாரப்படிதான் பிரிக்க வேண்டும். பெரிய மாநிலத்தில் நூலிழையில் வென்றால் லாபம் சொற்பம். சிறிய மாநிலத்தில் வாரிச் சுருட்டினால் லாபம் அதிகம். 2008 பிப்ரவரி 5, சூப்பர் செவ்வாய். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பதிவாகி, ஹிலாரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். பிரதிநிதிக் கணக்கில் அவருக்கு 59, ஒபாமாவுக்கு 48. அதே நாள் ஐடாஹோவில் காக்கஸ். ஜனநாயகக் கட்சிக்காரரைத் தேடிப்பிடிக்க வேண்டிய மாநிலம். வந்தவர்கள் சுமார் 21 ஆயிரம் பேர். ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. கழித்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் ஹிலாரிக்குக் கிடைத்த லாபம் 11. ஐடாஹோவில் ஒபாமாவுக்குக் கிடைத்தது 12. தொலைக்காட்சி அன்றிரவு முழுக்க நியூ ஜெர்சியைப் பற்றித்தான் பேசியது.

குடியரசுக் கட்சியின் கணக்கு வேறு. பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே அத்தனையும், அல்லது பெரும்பங்கு. போட்டியில் கூட்டம் அதிகமானால் இந்த விதி என்ன செய்யும் என்பதை 2016 காட்டியது. அந்த முறை 17 பேர் களத்தில். தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22க்குச் சற்று மேல். மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அவரை வேண்டாம் என்றார்கள் என்பது உண்மை. அதற்குக் கணக்கில் இடமில்லை. எதிராளிகள் ஒவ்வொருவரும் மற்றவர் விலகட்டும், பிறகு டிரம்பை நேருக்கு நேர் சந்திக்கலாம் என்று காத்திருந்தார்கள். எல்லாரும் காத்திருந்ததால் உரிய நேரத்தில் யாரும் விலகவில்லை. மார்ச் 15இல் புளோரிடாவின் 99 பிரதிநிதிகளையும் டிரம்ப் அள்ளியபோது, சொந்த மாநிலத்தில் தோற்ற ரூபியோ விலகினார். அப்போது காலம் கடந்துவிட்டது.

நான்காண்டு கழித்து ஜனநாயகக் கட்சியின் மிதவாதிகள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பைடன் கதைக்குத் திரும்புவோம். நெவாடாவில் இடதுசாரியான சாண்டர்ஸ் 47 சதவீதத்தோடு வென்றதும் கட்சி மேலிடத்துக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்தது தென் கரோலினா. கட்சி வாக்காளர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். அங்கே எல்லாரும் மதிக்கும் ஒரே குரல், அம்மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்னுடையது. பிப்ரவரி 25 சார்ல்ஸ்டன் விவாதத்தின் இடைவேளையில், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று சொல்லுங்கள், இதுவரை சொல்லவில்லையே என்று பைடனை அவர் நெருக்கியதாகப் பின்னர் செய்தி வந்தது. பைடன் அன்றே மேடையில் சொன்னார். (2022இல் கேத்தஞ்சி பிரவுன் ஜாக்சன் நீதிபதியானார். பிரைமரி மேடையில் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்ட அரிய நிகழ்ச்சிகளில் ஒன்று.) மறுநாள் காலை கிளைபர்ன் ஆதரவை அறிவித்தார். ஜோவை நமக்குத் தெரியும், அதைவிட ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். சனிக்கிழமை பைடன் 48.7, சாண்டர்ஸ் 19.8.

அதன்பின் எல்லாம் மணிக்கணக்கில் நடந்தன. ஞாயிறு இரவு பூட்டிஜெஜ் விலகினார். திங்கட்கிழமை ஏமி குளோபுச்சர் விலகினார். அன்று மாலையே இருவரும் டல்லாஸுக்கு வந்து பைடனுக்குத் தோள் கொடுத்தார்கள். செவ்வாய் வாக்குப்பதிவு. குளோபுச்சரின் சொந்த மாநிலமான மினசோட்டா ஒரே இரவில் பைடனுடையதானது. கலிபோர்னியாவில் அஞ்சல் வழியாக முன்கூட்டியே வாக்களித்திருந்த பலருடைய ஓட்டு, விலகிப்போனவர் கணக்கில் செல்லாக்காசாய்க் கிடந்தது. சீக்கிரம் வாக்களிப்பதில் இப்படியும் ஒரு நஷ்டம் உண்டு.

விவாத மேடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய்ப்பைப் பற்றிய பேச்சு அங்கேதான் அதிகம் சூடாகும். என் அபிப்பிராயத்தில் விவாதம் ஒருவரைத் தூக்கி நிறுத்துவதைவிடக் கவிழ்ப்பதே அதிகம். 2011 நவம்பரில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, நான் வந்தால் மூன்று அரசுத் துறைகளை மூடிவிடுவேன் என்று தொடங்கி, இரண்டைச் சொல்லி, மூன்றாவது பெயர் வராமல் ஏறக்குறைய ஒரு நிமிடம் மேடையில் தவித்தார். மறந்துபோனது எரிசக்தித் துறை. 2017இல் டிரம்ப் அவரை அதே எரிசக்தித் துறைக்கு அமைச்சராக்கினார்! 2016இல் நியூ ஹாம்ப்ஷயர் வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, ரூபியோ மனப்பாடம் செய்துவந்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கிறிஸ் கிறிஸ்டி மேடையிலேயே சுட்டிக்காட்ட, அதற்குப் பதிலாக ரூபியோ அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னார். ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. கிறிஸ்டிக்கு ஆறாவது. அடித்தவருக்கும் ஆதாயமில்லை, அடிபட்டவருக்கும் ஆதாயமில்லை.

தூக்கி நிறுத்தினாலும் அது நிற்காது என்பதற்குக் கமலா ஹாரிஸ் சான்று. தாய் சியாமளா கோபாலன் வழியில் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தோடு தொடர்புள்ளவர் என்பதால் நம்மவர்கள் அவரைக் கூர்ந்து கவனித்தார்கள். 2019 ஜூன் 27 மயாமி விவாதத்தில், பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையரையும் கலக்க பஸ்களில் அனுப்பும் திட்டத்தைப் பைடன் ஒரு காலத்தில் எதிர்த்ததை எடுத்துப்போட்டு, அப்படி பஸ்ஸில் போன சிறுமி ஒருத்தி இருந்தாள், அது நான்தான் என்றார் ஹாரிஸ். அரங்கம் அசந்துபோனது. கருத்துக்கணிப்பில் ஒரே வாரத்தில் மளமளவென்று ஏறினார். வந்த வேகத்தில் இறங்கவும் செய்தார். டிசம்பர் 3இல், முதல் ஓட்டு விழும் முன்பே, பணமில்லை என்று விலகிவிட்டார். எட்டு மாதம் கழித்து அவரைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பது தெரிந்ததே.

முன்கூட்டிய கருத்துக்கணிப்பு பெரும்பாலும் பெயர்ப் பரிச்சயத்தைத்தான் அளக்கிறது. 2007 முழுதும் குடியரசுக் கட்சியில் முன்னிலை வகித்தவர் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. முதல் மாநிலங்களைக் கைகழுவிவிட்டு, ஜனவரி 29 வரை பொறுத்திருந்து புளோரிடாவில் பிடித்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டார். அதற்குள் நாடு மெக்கெய்னையும் ராம்னியையும் பற்றியே நான்கு வாரம் பேசி முடித்திருந்தது. புளோரிடாவில் மூன்றாவது; மறுநாள் விலகல். பேச்சில் இல்லாதவன் போட்டியில் இல்லை என்பதை அவ்வளவு பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இல்லாமல் முடியாது, இருந்தும் போதாது. 2016 போட்டியில் ஜெப் புஷ்ஷுக்காகத் தனிக்குழு ஒன்று 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அவருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் நான்கு பேர். 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் சொந்தப் பணம் 100 கோடி டாலருக்கு மேல் இறைத்து முதல் நான்கு மாநிலங்களையும் தவிர்த்து சூப்பர் செவ்வாயில் குதித்தார். அவர் வென்றது பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க சமோவாவை மட்டும். அங்கே அவருக்கு விழுந்த ஓட்டு 175. 2023இல் விவாத மேடை ஏற 40 ஆயிரம் நன்கொடையாளர்கள் வேண்டும் என்று குடியரசுக் கட்சி நிபந்தனை வைத்தபோது, வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் கண்ட வழி இன்னும் வேடிக்கை: எனக்கு ஒரு டாலர் கொடுங்கள், உங்களுக்கு 20 டாலர் பரிசு அட்டை தருகிறேன். மேடை ஏறிவிட்டார்.

யார் வாக்களிக்கலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் கட்சி சாராதவர்களும் போடலாம்; நியூயார்க்கில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும். அதுவும் 2016இல், ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முந்தைய அக்டோபரிலேயே கட்சி மாறியிருக்க வேண்டும். டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தத் தேதியைக் கோட்டைவிட்டதால் சொந்தத் தந்தைக்கே ஓட்டுப் போட முடியவில்லை. பிரைமரிகளில் மொத்தத்தில் வாக்களிப்பவர்கள் தகுதியுள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேரை எட்டுவதே அபூர்வம். அந்த மூவரின் வயதும் நிறமும் கோபமும் மற்ற ஏழு பேருடையது போலிருக்காது. நாடு முழுவதும் ஒருவருக்கு நல்ல பெயர் இருப்பதை வைத்து அவருடைய பிரைமரி வாய்ப்பைச் சொல்வது அதனால்தான் அடிக்கடி பொய்த்துப்போகிறது.

2024இல் இந்தக் கணக்குகள் எதற்கும் வேலையில்லாமல் போனது. டிரம்ப் ஒரு விவாதத்துக்கும் போகவில்லை. ஜெயிப்பாரா என்ற கேள்வியே எழாத இடத்தில் எழுப்ப வாய்ப்பு ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அயோவாவில் 51 சதவீதம். விவாதங்களில் வாய்வீச்சால் பெயர் வாங்கிய விவேக் ராமசாமி 7.7 சதவீதத்தோடு அன்றிரவே விலகினார். கடைசிவரை நின்ற நிக்கி ஹேலிக்கு நெவாடாவில் நேர்ந்ததுதான் கொடுமை. அங்கே கட்சி தனியாகக் காக்கஸ் நடத்தியதால் டிரம்ப் பிரைமரி வாக்குச்சீட்டிலேயே இல்லை. இருந்தும் ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்ற கட்டத்துக்கு ஹேலியைப் போல இரு மடங்கு ஓட்டு விழுந்தது. மறு பக்கம், பிரைமரிகளை ஏறக்குறைய எதிர்ப்பின்றி வென்ற பைடன் ஜூலை 21இல் விலக, பிரைமரி களத்தில் நிற்காமலே ஹாரிஸ் வேட்பாளரானார். 1968 ஹம்ஃப்ரிக்குப் பிறகு அப்படி ஒருவர் வந்தது அதுவே முதல் முறை.

அரசியல் சட்டத்தின் 22ஆவது திருத்தப்படி டிரம்ப் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பதால் 2028க்கு இரண்டு கட்சிகளிலும் பேச்சு சூடு பிடித்திருக்கிறது. யார் யார் நிற்பார்கள் என்று பட்டியல் போடுகிறவர்களைவிட நான் நாட்காட்டியைப் பார்க்கிறவர்கள் பக்கம். பந்திக்கு முந்துவதில் மாநிலங்களுக்கு இடையே எப்போதும் சண்டைதான். 2024இல் ஜனநாயகக் கட்சி அயோவாவைப் பின்னுக்குத் தள்ளி, பைடனைக் காப்பாற்றிய தென் கரோலினாவுக்கு முதலிடம் கொடுத்தது. நியூ ஹாம்ப்ஷயர் ஒப்புக்கொள்ளவில்லை. ஜனவரி 23இல் தன்பாட்டுக்குத் தேர்தலை நடத்தியது. வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத பைடனை மக்கள் கையால் எழுதி ஜெயிக்க வைத்தார்கள்.

இதேபோன்ற வேறு எந்தத் தேர்தலுக்கும் ஏழு நாளாவது முந்தித் தன் பிரைமரி நடக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டமே இயற்றி வைத்திருக்கிறது. தேதி குறிக்கும் அதிகாரம் மாநிலச் செயலருடையது. பில் கார்ட்னர் என்பவர் அந்த நாற்காலியில் 1976 முதல் 2022 வரை உட்கார்ந்திருந்தார். 2008 தேர்தலின்போது மற்ற மாநிலங்கள் ஒன்றையொன்று முந்தித் தேதி அறிவித்துக்கொண்டிருக்க, இவர் 2007 நவம்பர் பாதி கடந்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஜனவரி 8 என்றார். அதுவரை ஒபாமா, கிளின்டன், மெக்கெய்ன், ராம்னி அத்தனை பேரும், வாக்குப்பதிவு என்றைக்கு என்றே தெரியாமல், அந்த மாநிலத்தில் ஊர் ஊராகப் போய்க் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.